ரெக்கார்டு பிளேயருக்குக் கீழே என்ன வைப்பது? காரைக்குடி மாடி அறையில் பார்த்த சோதனைகள்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் கீழ்த்தளமும் மாடியும் அதிர்வைப் பொறுத்தவரை இரண்டு வேறு ஊர்கள். கீழே, கெட்டித்த மண்மேல் சுண்ணாம்புக் கலவை, அதன்மேல் ஆத்தங்குடிக் கல் என்கிற தரை ஓடு. பிள்ளைகள் குதித்து விளையாடினாலும் ரெக்கார்டு பிளேயருக்கு ஒன்றும் ஆகாது. மாடி அப்படி இல்லை. சுவருக்குச் சுவர் பர்மாத் தேக்கு உத்தரங்களைப் போட்டு, அதன்மேல் செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துக் கெட்டித்த தளம். இன்னும் பல தலைமுறை நிற்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் நடுத்தளத்தில் ஒருவர் நடந்தால் மரம் ஒரு துளி வளைந்து திரும்பும். காலுக்கு அது தெரியாது. ரெக்கார்டில் ஓடும் முள்ளுக்குத் தெரியும்.

என் பாட்டு அறை மாடியில்தான். கீழே நடு முற்றமான வளவும் அதை ஒட்டிய பட்டாலைக் கூடமும் பங்காளிகள் எல்லாருக்கும் பொது. கல்யாணம், படைப்பு என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அங்கே ஸ்பீக்கரை நிரந்தரமாக வைக்க முடியாது. ஆகவே மாடி. நேரடி மோட்டார் வைத்த கனமான ரெக்கார்டு பிளேயர், சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப், ஒரு டிஜிட்டல் பெட்டி, ஸ்டாண்டின்மேல் இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். யாராவது அறையைக் கடந்தால், ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி தருகிற ஊஃபரின் கூம்பு உள்ளே போய் வெளியே வரும். காபி கொண்டுவருகிறவர் கொஞ்சம் அழுத்தி நடந்தால் முள் பள்ளம் தாண்டிக் குதிக்கும்.

இதற்குத்தான் கருவிக்கு அடியில் கால் மாதிரி வைக்கிற, அதிர்வு தாங்கும் ஃபூட்டர்கள் என்று சந்தையில் ஏகப்பட்ட சாமான் இருக்கிறது. ரப்பர், பித்தளைக் கூம்பு, ஸ்பிரிங், ஜெல். சில நூறு ரூபாயில் தொடங்கி ஒரு நல்ல பைக் விலை வரைக்கும் போகும். விளம்பரத்தைப் படித்தால் எல்லாமே எல்லா நோய்க்கும் மருந்து. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அதிர்வு என்பது உண்மை, அதைக் கண்ணால் பார்க்கிறேன். சரி, நாமே வைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

எங்கள் வீட்டில் ஐயா காலத்துச் சாவி கொடுக்கிற கிராமஃபோன் ஒன்று இன்னும் இருக்கிறது. ஏ.வி.மெய்யப்பன் இந்த ஊர்க்காரர். சினிமா ஸ்டூடியோவுக்கு முன்னாலேயே சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டுத் தொழில் செய்தவர். அந்தக் காலத்துத் தட்டுகள் சில எங்கள் பெட்டகத்திலும் உண்டு. அந்தக் கிராமஃபோனை அதே மாடியில் வைத்து, பக்கத்தில் எவ்வளவு நடந்தாலும் முள் குதிக்காது. காரணம் எளிது. அதன் ஒலிப்பெட்டி முள்ளின்மேல் நூறு கிராமுக்கு மேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. இன்றைய கார்ட்ரிட்ஜ், அதாவது முள்ளைப் பொருத்திய சிறு பெட்டி, அழுத்துவது 2 கிராம் அளவு. பாட்டின் மெல்லிய இடங்களில் முள் அசையும் தூரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நம் தலைமுடியின் தடிமனே ஐம்பது மைக்ரானுக்கு மேல். இவ்வளவு நுட்பமாகப் படிக்கிற ஒன்றை ஆடுகிற தளத்தில் வைத்தால் அது தளத்தையும் சேர்த்துத்தான் படிக்கும்.

காசு செலவழிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. தட்டைச் சுற்ற விடாமல் நிறுத்தி, ரெக்கார்டின்மேல் முள்ளை இறக்குங்கள். வால்யூமை வழக்கமாகக் கேட்கிற அளவுக்கு மெதுவாக ஏற்றுங்கள், அதற்குமேல் வேண்டாம். இப்போது மேசையை விரல் நுனியால் தட்டுங்கள். ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் என்ன வருகிறதோ அதுதான் உங்கள் பிரச்சினையின் அளவு. ஒன்றுமே வரவில்லை என்றால் ஃபூட்டர் வாங்குகிற காசில் நாலு ரெக்கார்டு வாங்கலாம்.

அடுத்தது போன். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஃபைபாக்ஸ் என்று ஒரு செயலியை இலவசமாகத் தருகிறது. போனுக்குள் இருக்கிற முடுக்கமானியை வைத்து, எந்த அதிர்வெண்ணில் (வினாடிக்கு எத்தனை ஆட்டம், அதுதான் ஹெர்ட்ஸ்) எவ்வளவு ஆட்டம் என்று படம் போட்டுக் காட்டும். போனைத் தளத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நடந்தேன். பத்துக்கும் பதினைந்து ஹெர்ட்ஸுக்கும் நடுவில் ஒரு மேடு எழுந்து நின்றது. தளம் தானாக ஆடிக்கொள்ளும் இடம் அதுதான். யாரும் நடக்காத நேரத்தில் இன்னொரு மெல்லிய கோடு, 24 ஹெர்ட்ஸ் பக்கத்தில். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, கீழே அடுப்படியில் கிரைண்டர் ஓடுகிறது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நாலு துருவ மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்றுப் பக்கம் சுற்றும், வினாடிக்கு 24. மாவு ஆட்டுகிற ஆட்டம் சுவர் வழியாக மாடி வரை ஏறி வருகிறது.

இந்த இரண்டு எண்களும் கைக்கு வந்தபிறகு விஷயம் தெளிவாகிவிட்டது. மெத்தென்ற எந்தப் பொருளின்மேல் எதை வைத்தாலும், அந்த ஜோடிக்கு என்று ஓர் இயல்பான அதிர்வெண் இருக்கும். அதற்கு 1.4 மடங்குக்கு மேலே உள்ள அதிர்வைத்தான் அது தடுக்க ஆரம்பிக்கும். அதற்குக் கீழே உள்ளது அப்படியே ஏறும். அந்த அதிர்வெண்ணிலேயே வந்தால் இன்னும் பெருகும். அதைக் கணக்குப் போட ஆய்வகம் வேண்டாம், அளவுகோல் போதும். பிளேயரை வைத்ததும் ஃபூட்டர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ். 4 மில்லிமீட்டர் என்றால் 8. ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால்தான் 5. ஸ்பிரிங்குக்கு இது சரியாகப் பொருந்தும். ரப்பருக்கு உண்மையான எண் இதைவிடக் கொஞ்சம் கூடும், ஏனென்றால் ரப்பர் வேகமான அசைவுக்கு இன்னும் விறைப்பாக நடந்துகொள்ளும்.

என் தளம் 12 ஹெர்ட்ஸ் அருகே ஆடுகிறது. அப்படியென்றால் 2, 3 மில்லிமீட்டர் அமுங்குகிற எந்த ரப்பரும் காலடிக்கு உதவாது, கெடுக்கவும் செய்யலாம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கார்ட்ரிட்ஜைத் தாங்குகிற கையான டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து தமக்கென ஓர் அதிர்வெண் வைத்திருக்கும். 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது என்பார்கள். கை, கார்ட்ரிட்ஜ், திருகு எல்லாம் சேர்த்து 19 கிராம், கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு எண் (முள் எவ்வளவு இலகுவாக வளைந்து கொடுக்கும் என்பதன் அளவு) 15 என்றால், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து 159-ஐ அதால் வகுத்தால் 9.4 ஹெர்ட்ஸ். தளம், ரப்பர், டோன்ஆர்ம் மூன்றும் ஒரே வட்டாரத்தில் வந்து நின்றால் ஊஃபர் ஆடாமல் என்ன செய்யும்?

இனி வைத்துப் பார்த்தவை.

ஹவாய் செருப்பை வெட்டி வைத்ததில் தொடங்கினேன். தட்டினால் வருகிற டக் சத்தம் குறைந்தது, காலடி குறையவில்லை. கொஞ்ச நாளில் செருப்பு அமுங்கியது அமுங்கியபடி இறுகிவிட்டது. டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைப்பது அதைவிட மேல். ஆனால் பிளேயர் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு ஆடும், ரெக்கார்டு மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வரும்.

பித்தளைக் கூம்பு பார்க்க அழகு. அயித்தான் தேவகோட்டையிலிருந்து வந்தபோது ஒரு செட் கொண்டுவந்து, “மாப்ளே, இதை வச்சுப் பாரு, பேஸ் இறுகும்” என்றார். வைத்தோம். தட்டிப் பார்க்கும் சோதனையில் சத்தம் கூடியது. கூடத்தான் செய்யும். கூம்பு எதையும் தடுப்பதில்லை, இரண்டு பொருள்களையும் இறுக்கமாக இணைக்கிறது. தளம் அசையாத இடத்தில் அது நல்ல வேலை. எங்கள் மாடியில் உத்தரத்தின் ஆட்டத்தை நேராகப் பிளேயருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சார்போதேன் என்ற பிசுபிசுப்பான பாலியூரித்தேன் அரைக்கோளங்களும் வாங்கினேன். அதிர்வை விழுங்கும் குணத்தில் இதற்கு இணை குறைவு. ஆனால் இதில் வாங்குகிறவர்கள் கவனிக்காத விஷயம் பாரம். ஒவ்வொரு அளவுக்கும் இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோ வரை என்று கணக்கு உண்டு. பாரம் குறைவாக இருந்தால் அது வெறும் ரப்பர் கட்டி. கூடினால் அப்பளமாக நசுங்கிவிடும். உயரத்தில் பத்திலிருந்து இருபது சதவீதம் அமுங்கினால் சரியான பொருத்தம். என்னுடையது சரியாகத்தான் அமுங்கியது. கிரைண்டர் கோடு நன்றாகக் குறைந்தது. காலடி மட்டும் அப்படியே இருந்தது. மேலே சொன்ன கணக்கின்படி அது எதிர்பார்த்ததுதான்.

ஸ்பிரிங் ஃபூட்டர்தான் முதன்முதலில் காலடியில் வித்தியாசம் காட்டியது. ஒரு காலுக்குள் பல குட்டி ஸ்பிரிங்குகள் இருக்கும், எடைக்கு ஏற்பக் கழற்றலாம். நாலு காலிலும் ஒரே எண்ணிக்கை வைத்தால் மட்டம் வராது, ஏனென்றால் மோட்டாரும் டோன்ஆர்மும் ஒரு பக்கம் எடை கூட்டும். ஒவ்வொரு காலும் 6 மில்லிமீட்டர் அமுங்கும்படி சரிசெய்தபோது ஆட்டம் பாதிக்கும் கீழே வந்தது. கையால் தொட்டால் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங்குக்குள் சின்ன ஃபோம் துண்டு சொருகினால் அடங்கும். இந்த யோசனை புதிது அல்ல. 1961-லேயே அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர், தட்டையும் டோன்ஆர்மையும் ஒரே சட்டத்தில் ஏற்றி அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்கில் தொங்கவிட்ட பிளேயரைக் கொண்டுவந்தார்.

சரி, இன்னும் மெத்தென்று போனால்? முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த வீடுகளிலிருந்து வந்த சாமான்களோடு பழைய இத்தாலி மார்பிள் மேசைப் பலகையும் கிடைக்கும். 45-க்கு 35 சென்டிமீட்டர், இரண்டரை சென்டிமீட்டர் தடிமன். எடை பத்தரை கிலோ பக்கம். அதற்குக் கீழே 12 இன்ச் குழந்தை சைக்கிள் டியூப். காற்றை நிறைய அடிக்கக் கூடாது. பலகை விரல் தடிமனுக்கு மிதந்தால் போதும். டியூப் வாயை வெளிப்பக்கம் நீட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் காற்றடிக்க எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருக்கும். இவ்வளவு நேரம் விலை கொடுத்து வாங்கியவற்றையெல்லாம் இந்த டியூப் தோற்கடித்தது. சாதாரணமாக நடந்தால் ஸ்பீக்கரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அண்ணன் பிள்ளைகள் ஓடினால் மட்டும் கப்பலில் ஏற்றியது மாதிரி பலகை மெதுவாகச் சாயும். பிள்ளைகளின் ஓட்டம் 3, 4 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வருவதால், அது டியூப்பின் சொந்த ஆட்டத்தோடு போய் உட்கார்ந்துகொள்கிறது. காற்றும் மெல்ல இறங்கும், மட்டம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவில் செலவே இல்லாத ஒரு காரியம் நடந்தது. கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். உத்தரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எந்தச் சுவரில் தலை வைத்திருக்கின்றன என்று இந்த வீடுகளில் கண்ணாலேயே தெரியும். உத்தரம் நடுவில்தான் அதிகம் வளையும், சுவரில் ஏறுகிற முனையில் அசைவு மிகக் குறைவு. என் மேசை நட்டநடுவில் இருந்தது. அதை உத்தரத்தின் முனைப் பக்கம், சுவரை ஒட்டி நகர்த்தினேன். போனில் தெரிந்த மேடு பெரும்பகுதி படுத்துவிட்டது. எந்த ஃபூட்டரும் செய்யாத வேலையை மேசையை இழுத்தது செய்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அறையின் மூலைக்கு நெருங்கினால் ஸ்பீக்கரின் தாழ்ந்த ஒலி அங்கே குவியும், அது காற்று வழியாகப் பிளேயரை ஆட்டும். காற்றில் வருவதை ஃபூட்டர் தடுக்காது. பாடும்போது மூடியைக் கழற்றிவிடுவது அதற்கு ஓரளவு மருந்து. இந்த ஊர்ச் செம்மண் தூசிக்குப் பயந்து, பாட்டு முடிந்ததும் உடனே மூடிவிடுவேன்.

அப்புறம் சுவர். இரண்டடித் தடிமன் உள்ள சுவர் ஆடாது, அதில் ஒரு பலகை அடித்துப் பிளேயரை ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். பெரியப்பச்சி (பெரியப்பா) ஒரே வார்த்தையில் முடித்தார்: “அந்தப் பூச்சுல ஆணி அடிக்கிற வேலையெல்லாம் வச்சுக்காதப்பா. விட்டுப்போச்சுன்னா பூச ஆள் இல்ல.” அவர் சொன்னது நியாயம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பூச்சு; ஒரு இடத்தில் வெடித்தால் ஏடு ஏடாகப் பெயரும். ஆனால் சுவருக்குள்ளேயே கட்டிய அலமாரி ஒன்று இருந்தது. அதன் கதவுகளைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு, நடுத்தட்டில் பிளேயரை வைத்தேன். ஆழம் மயிரிழையில் போதுமாக இருந்தது. காலடி அறவே இல்லை, பிள்ளைகள் ஓடினாலும்.

மிச்சமிருந்தது சுவர் வழியாக வரும் கிரைண்டர் மட்டும். 24 ஹெர்ட்ஸ். அதற்கு டியூப் வேண்டாம், ஸ்பிரிங்கும் வேண்டாம். மாடித் தளத்தில் ஒன்றுக்கும் ஆகாது என்று ஒதுக்கிய சார்போதேனை எடுத்து அடியில் வைத்தேன். அதன் சொந்த எண் 10 ஹெர்ட்ஸ் பக்கம். 24 அதைப்போல இரண்டரை மடங்கு. கோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியது. அதே சாமான், இடம்தான் வேறு. யாராவது ஒரு ஃபூட்டரைப் பற்றி அபாரம் என்றோ குப்பை என்றோ சொன்னால் நான் முதலில் கேட்பது, தரை எப்படி என்றுதான்.

ஆம்புக்கும் டிஜிட்டல் பெட்டிக்கும் வருகிறேன். அயித்தான் அவற்றுக்கும் கூம்பு வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வைத்தால் பாட்டு விரிகிறதாம். ஒரு சாயங்காலம் கண்ணை மூடி உட்காரச் சொன்னேன். தங்கச்சி ஆம்புக்குக் கீழே கூம்பை வைப்பதும் எடுப்பதுமாக, எப்போது எது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். எடுத்தாளா வைத்தாளா என்பது தெரியக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு தடவையும் ஆம்பைத் தூக்கி வைத்தாள். அவர் சொன்னதும் தாளில் இருந்ததும் பூவா தலையா போட்ட கணக்கில்தான் பொருந்தின. என் முறையிலும் அப்படியே. கூம்போடு ஒரு தடவை, கூம்பில்லாமல் ஒரு தடவை ஆம்பின் வெளியீட்டை கணினியில் பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற ஒலிச் செயலியில் ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டிப் பார்த்தேன். மிஞ்சியதில் பாட்டு என்று எதுவும் இல்லை. டிரான்சிஸ்டருக்கு அசைகிற உறுப்பு கிடையாது. சிடி பிளேயரில் லேசர் அசையும் என்றாலும், அதன் பிழை திருத்தம் சாதாரண ஆட்டத்தைச் சமாளித்துவிடும். வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்கள் கதை வேறு. வால்வை பென்சிலால் மெதுவாகத் தட்டினால் சில வால்வுகள் ஸ்பீக்கரில் மணி அடிக்கும். அங்கே மெத்தென்ற கால் உண்மையிலேயே உதவும். சூடு தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆம்புக்குக் கீழே இப்போது இருப்பது அதனோடு வந்த ரப்பர் கால்தான். அதற்கும் ஒரு எச்சரிக்கை: கறுப்பு ரப்பர், நாளாக ஆக எண்ணெய் விட்டு, ஆத்தங்குடிக் கல்லிலும் மெருகு போட்ட தேக்கிலும் பழுப்புக் கறை பிடிக்கும். எதைத் தேய்த்தாலும் போகாது. இடையில் ஒரு கண்ணாடித் துண்டோ மெல்லிய பிளாஸ்டிக் தாளோ வைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்குக் கூர்முனை ஸ்பைக் வந்திருந்தது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து இறுக்குவது. ஸ்பைக் அதில் நேராகக் குழி போடும். பழைய தடியான அஞ்சு ரூபாய் நாணயம் ஒன்று ஒவ்வொரு முனைக்கும் அடியில் வைத்தால் போதும், கடையில் விற்கிற ஸ்பைக் தட்டு வேண்டாம். பிறகு மாடியில் ஸ்பைக்கையே கழற்றிவிட்டு, பிளேயருக்கு வாங்கிய ஸ்பிரிங்குகளை ஸ்பீக்கருக்கு மாற்றினேன். இங்கே காதுக்கே தெரிந்தது: மிருதங்கத்தின் தொப்பி அடி விழும்போது தளம் கூடவே முனகுவது குறைந்தது. ஸ்டாண்டு சாய்கிற பயம் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டில் யோசித்துச் செய்யுங்கள்.

ஆனால் உண்மையில் பாட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தது வேறொன்று. போனில் ஒரு ஒலி உண்டாக்கும் செயலியை ஆம்போடு இணைத்து 20 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றினேன். ஓர் இடத்தில் ஜன்னல் கொண்டி கிணுகிணுத்தது. இன்னோர் இடத்தில் வண்ணக் கண்ணாடிச் சட்டம். கொஞ்சம் மேலே போனால் பக்கத்து அறையில் அடுக்கிய எவர்சில்வர் அண்டாக்கள். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அடக்கியது, பிளேயரைச் சுவருக்கு மாற்றியதற்கு அடுத்தபடியாகப் பெரிய பலன். அண்டாக்களுக்கு இடையில் பழைய துண்டு. கண்ணாடிக்குச் சட்டத்தின் ஓரத்தில் மெல்லிய கம்பளித் துணி. கொண்டிகளுக்கு முதலில் ஒட்டுகிற ஃபெல்ட் போட்டேன். சித்திரை வெயிலில் பசை உருகி வார்னிஷில் ஏறிவிட்டது. இப்போது அதே ஃபெல்ட்டை நூலால் சுற்றிக் கட்டியிருக்கிறேன், கதவு சாத்தவும் தடை இல்லை.